சொம்பில் தெரியும் மூஞ்சியை வரைவது: தாளுக்கு வந்ததும் சிரிப்பு எங்கே போகிறது?

மசிக்கறை · மார்ச் 2, இரவு 9.10

எவர்சில்வர் சொம்பில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பென்சிலில் சுயஉருவம். சொம்பில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தாளில் பார்த்தால் பல்வலியில் கன்னம் வீங்கின ஆள்தான் இருக்கிறான். மூக்கை இன்னும் பெரிதாக்கியும் சரிப்படவில்லை. ஏ4 தாள், 2பி, 4பி பென்சில், மேலே டியூப்லைட். கோளாறு எங்கே? சொம்பை விட்டுவிட்டுக் கரண்டிக்குப் போகலாமா?

வட்டக்கண் · மார்ச் 2, இரவு 9.55

மூக்கைப் பெரிதாக்கியதே கோளாறு. சொம்பு ஏற்கெனவே கேலி செய்து முடித்துவிட்டது, அதன்மேல் நீங்களும் கேலி செய்தால் கார்ட்டூன் ஆகிவிடும். பார்த்ததை அளந்து, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு வரையுங்கள். சிரிப்பு தானாக வரும்.

கணக்கைச் சொல்கிறேன். புடைத்த பளபளப்பில் உருவம் எவ்வளவு சிறுக்கும் என்பதற்குப் பள்ளிக்கூடப் பாடமே போதும். வளைவின் ஆரத்தில் பாதி குவியத்தூரம். அந்தக் குவியத்தூரத்தை, அதோடு உங்கள் தூரத்தையும் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் உருவம் எத்தனை மடங்கு என்று வரும். சொம்பின் வயிறு 12 செ.மீ. விட்டம் என்றால் ஆரம் 6, குவியத்தூரம் 3. மூக்குநுனி சொம்பிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருந்தால் 3/15, அதாவது 0.2 மடங்கு. காது அதற்கு 12 செ.மீ. பின்னால்: 3/27, அதாவது 0.11. ஆக, காதை விட மூக்கு கிட்டத்தட்ட 1.8 மடங்கு பெரிதாகத் தெரியும். முகத்தை 30 செ.மீ.க்கு இழுத்துக்கொண்டால் அதே விகிதம் 1.4க்கும் கீழே வந்துவிடும்.

கேலியின் அளவை வைப்பது உங்கள் நாற்காலிதான், பென்சில் இல்லை. மூக்கு பெரிதாக வேண்டுமா, நாற்காலியை முன்னால் தள்ளுங்கள்.

மசிக்கறை · மார்ச் 2, இரவு 10.20

அப்படியென்றால் கன்னம் ஏன் வீங்குகிறது? கன்னம் மூக்கை விடப் பின்னால்தானே இருக்கிறது?

வட்டக்கண் · மார்ச் 2, இரவு 10.40

சொம்பில் வீங்கவில்லை, தாளில்தான் வீங்குகிறது. மூக்கைப் பெரிதாக்கின கையோடு காதை அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுகிறோம். சொம்பில் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், பாதி தெரியவே தெரியாது. காதைச் சின்னதாக்கி உள்ளே இழுங்கள். நெற்றி பின்னோக்கிச் சரியும், முடி ஒரு தொப்பி அளவுக்குச் சுருங்கும், கழுத்து இருந்த இடம் தெரியாமல் போகும், தோள் இரண்டும் வட்டத்தோடு சேர்ந்து கீழ்நோக்கி வளையும். இவ்வளவும் சிறுத்தால்தான் மூக்குக்குப் பெரிதாக இருக்கும் உரிமை வரும்.

தூக்குவாளி · மார்ச் 3, காலை 7.05

கரண்டி பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். சாப்பிடுற ஸ்பூனோட முதுகுப்பக்கம் ரெண்டு விதமா வளைஞ்சிருக்கும். குறுக்குவாட்டுல வளைவு அதிகம், நீளவாட்டுல கம்மி. செங்குத்தா பிடிச்சா மூஞ்சி ஒடுங்கி நீண்டு சவ்வு மிட்டாய் மாதிரி வரும். படுக்கவைச்சுப் பிடிச்சா அதே மூஞ்சி அகலமாயிடும். ஒரே ஸ்பூன், ரெண்டு ஆள்.

உள்பக்கம் குழி. அதுல தலைகீழா தெரியும். தலைகீழா தெரியுறதை தலைகீழாவே வரைங்க, பேப்பரைத் திருப்பாதீங்க. மூளைக்கு "இது மூக்கு"ன்னு சட்டுனு பிடிபடாது, அதனால கண்ணு பார்த்ததைத்தான் கை போடும். ஆனா குழிக்குள்ள தெரியுற உருவம் உலோகத்துக்கு முன்னால காத்துல நிக்குது. கண்ணு அங்க குவியணும். ரொம்ப கிட்ட போனா கலங்கிடும், 25–30 செ.மீ. தள்ளி வைங்க.

உருவம் குட்டியா இருக்கும், அதுதான் இதுல தொல்லை. ஸ்பூன் பக்கம் போறதுக்கு முன்னாடி பெரிய குடத்துல பழகுறது உத்தமம்.

சாம்பல்தாள் · மார்ச் 3, காலை 11.30

குடம் என்பதை ஆமோதிக்கிறேன். வயிறு 28 செ.மீ. விட்டமுள்ள குடத்தில், முகம் 40 செ.மீ. தள்ளி இருந்தால் உருவம் 0.15 மடங்கு. 22 செ.மீ. முகம் 3 செ.மீ.க்கு மேலேயே வரும். சொம்பில் 30 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ.தான். அந்த 2 செ.மீ.யைத் தாளில் பத்து மடங்கு பெரிதாக்குவதற்குள் கண் ஓய்ந்துவிடும்.

டம்ளரைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. நான் மாட்டேன். டம்ளர் குறுக்கே மட்டும்தான் வளைந்திருக்கிறது, மேலிருந்து கீழாக நேர்க்கோடு. அகலம் சுருங்கும், உயரம் சாதாரணக் கண்ணாடியில் தெரிவது போலவே நிற்கும். முழு முகமும் தெரிய முகத்தின் உயரத்தில் பாதியாவது கண்ணாடி வேண்டும், அதாவது 11 செ.மீ. வழக்கமான டம்ளர் அந்த அளவுக்கு எட்டுவது சிரமம், போதாததற்கு வாய் அகன்று அடி ஒடுங்கிச் சாய்ந்திருக்கும். நெற்றியோ தாடையோ வெட்டுப்படும்.

சொம்பு வைத்திருப்பவர்கள் அதன் கழுத்தைப் பாருங்கள். அங்கே வளைவு குறுக்கே புடைப்பு, மேலிருந்து கீழே குழி. அதனால் வயிற்றில் நேராக ஒரு முகம், கழுத்தில் தலைகீழாக ஒரு குட்டி முகம். இரண்டையும் வரைந்தால் ஒரே சொம்பில் இரண்டு சுயஉருவம். பலர் கழுத்தில் வெறும் கோடுகளைப் போட்டு நிரப்பிவிடுவார்கள், கிடைத்த வேடிக்கையைக் கைநழுவ விட்டதுதான் மிச்சம்.

மசிக்கறை · மார்ச் 3, மதியம் 2.15

குடமே எடுக்கிறேன். ஒவ்வொரு முறை தாளைப் பார்த்து நிமிர்ந்தால் முகம் இடம் மாறிவிடுகிறது. போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையலாமா?

வட்டக்கண் · மார்ச் 3, மதியம் 3.00

எடுத்துப் பாருங்கள். நடுவில் போன் இருக்கும், அதன் பின்னால் நீங்கள். போனின் சுயஉருவம் கிடைக்கும்.

காரணம் இது. உருண்டையில் எந்தக் கண் பார்க்கிறதோ அந்தக் கண் எப்போதும் நட்டநடுவில்தான் தெரியும். கண்ணிலிருந்து உருண்டையின் மையத்தை நோக்கிப் போகும் ஒரே ஒரு கோடுதான் போன வழியே திரும்பி வரும். லென்ஸ் பார்த்தால் லென்ஸ் நடுவில். தலையை எப்படித் திருப்பினாலும் இந்த நடுவிலிருந்து தப்ப முடியாது. டச்சு ஓவியர் எஷர் 1935இல் கையில் பளபள உருண்டையோடு தன்னையே வரைந்த லித்தோகிராஃபில் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) இரு கண்களுக்கும் இடைப்பட்ட புள்ளி மையத்தில் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம், அழகுக்காக வைத்ததல்ல.

போன்தான் வேண்டும் என்றால் ஸ்டாண்டில் பக்கவாட்டில், தள்ளி வைத்து, ஜூம் செய்து, டைமர் போடுங்கள். அப்போது மையம் போனுக்குப் போகும், முகம் ஓரமாக ஒதுங்கி வளையும். அதுவும் ஒரு சுயஉருவம்தான். ஆனால் கையில் பென்சில், கண்ணில் குடம் என்று உட்கார்ந்தால் வருவது வேறு.

வட்டக்கண் · மார்ச் 3, மாலை 6.20

முகம் இடம் மாறுவதற்கு வழி சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இரண்டு மையம், கிட்டத்தில் இரட்டையாகத் தெரியும். குடத்தின் வயிற்றில் மார்க்கரால் ஒரு சின்னப் புள்ளி. ஒவ்வொரு முறை நிமிரும்போதும் திறந்த கண்ணின் பாவை அந்தப் புள்ளிக்கு நேர் பின்னால் வரட்டும். தலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். புள்ளி திசையை மட்டும்தான் காப்பாற்றும், தூரத்தைக் காப்பாற்றாது. அதற்கு மேஜை விளிம்பில் நெஞ்சு படும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள், நாற்காலிக் காலுக்குத் தரையில் சாக்பீஸ் குறி போதும். பிறகு நெயில்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மார்க்கர் போய்விடும்.

தூக்குவாளி · மார்ச் 3, இரவு 8.45

ஒத்தக்கண்ணன் போர்ட்ரெய்ட் ஆயிடாதா அண்ணே?

வட்டக்கண் · மார்ச் 3, இரவு 9.00

ஆகட்டுமே. மூடின கண்ணை மூடினபடியே வரையுங்கள், கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். பிடிக்காவிட்டால் கடைசியில் இரண்டு கண்ணையும் திறந்து அந்தக் கண்ணை மட்டும் நிரப்புங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கண் கொஞ்சம் நகர்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

சாம்பல்தாள் · மார்ச் 4, காலை 10.10

தாளில் எப்படித் தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை.

ஏ4 வேண்டாம், ஏ3. கனம் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த வரைதாள்), முடிந்தால் சாம்பல் நிறம். எவர்சில்வருக்குச் சாம்பல் தாள் பாதி வேலையைச் செய்துவிடும். நடுத்தொனி தாளே, இருட்டுக்கு 4பி, 6பி அல்லது கரி, பளிச்சுக்கு வெள்ளைக் கரிப்பென்சில்.

20 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சுற்றிப் போடலாம், ஆனால் மையம் குறிக்க வேண்டியிருப்பதால் காம்பஸ் நல்லது. குடத்தின் வயிறு சரியான உருண்டை அல்ல, கொஞ்சம் அமுங்கியிருக்கும், முதல் தடவைக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம். மையத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு. உள்ளே 14 செ.மீ. விட்டத்தில் இன்னொரு வட்டம்.

இந்த உள்வட்டம் முக்கியம். உருண்டையின் நடுவிலிருந்து ஆரத்தில் 71 சதவீதத் தூரத்தில் பரப்பு 45 பாகை சாய்ந்திருக்கும். அங்கே படும் பார்வை 90 பாகை திரும்பிப் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஆகவே குடத்துக்கு முன்னால் உங்கள் பக்கம் இருக்கும் பாதி அறை முழுவதும், நீங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவு, ஜன்னல், எல்லாம் உள்வட்டத்துக்குள் அடங்கும். அதற்கு வெளியே இருக்கும் 3 செ.மீ. வளையத்தில் குடத்துக்குப் பின்னால் இருக்கும் மீதிப் பாதி அறை. எல்லாரும் சறுக்கும் இடம் இது. முகத்தை வட்டம் நிரம்ப வரைந்துவிட்டு, அறையை வைக்க இடமில்லாமல் விளிம்பைத் தேய்த்துக் கறுப்பாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உருண்டை தட்டையாகிவிடும், முகம் தட்டில் ஒட்டின படம் போல நிற்கும்.

நேர்க்கோடுகளில் மையத்தின் வழியே போகிறவை மட்டும்தான் நேராக இருக்கும். மற்ற எல்லாம், கதவுச் சட்டம், அலமாரி, கூரை விளிம்பு, வெளிப்பக்கமாகப் புடைத்து வளையும். மேஜைமேல் கட்டம்போட்ட துண்டை விரித்துவிட்டால் வளைவைப் பிடிக்கச் சுலபம். துண்டின் கோடுகள் வழிகாட்டும், படத்துக்கும் நன்றாக இருக்கும்.

மசிக்கறை · மார்ச் 4, மாலை 5.40

உள்வட்டம் போட்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. நன்றி. இப்போது நெற்றிக்கு நடுவில் டியூப்லைட் ஒரு வில்லாக விழுகிறது.

வட்டக்கண் · மார்ச் 4, மாலை 6.00

அணைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரே ஜன்னல் போதும், முகத்துக்கு 45 பாகையில். ஜன்னல் குடத்தில் வளைந்த நாற்கோணமாக விழும், கம்பிகளோடு. அந்த வெளிச்சத்தைக் கடைசியில் ரப்பரால் எடுக்கலாம் என்று விடாதீர்கள், முதலிலேயே விளிம்பு வரைந்து ஒதுக்கி வையுங்கள். வெள்ளைத்தாளில் தாளின் வெள்ளையைத் தாண்டி இன்னொரு வெள்ளை கிடையாது.

எவர்சில்வரில் தொனிகள் மெல்ல மெல்ல மாறாது. இருட்டுக்குப் பக்கத்திலேயே பளிச், நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி விளிம்பு. விரலால் தேய்த்து மழுப்பினால் எவர்சில்வர் மண்பானை ஆகிவிடும்.

தூக்குவாளி · மார்ச் 5, காலை 6.50

பாத்திரம் தேய்க்கிற நார் பத்தி ஒண்ணு. பழைய குடத்துல நார் தேய்ச்ச மெல்லிய கீறல் சுத்திவர இருக்கும். வெளிச்சம் அந்தக் கீறலுக்குக் குறுக்கா இழுபடும். அதாவது கீறல் படுக்கைவாட்டுல இருந்தா பளிச்சுக்கோடு மேலிருந்து கீழே நீளும். புதுக்குடத்துல இது இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும். புதுசு கிடைச்சா புதுசு, இல்லேன்னா அந்த நீட்டலையும் வரைங்க, உலோகம்னு நம்ப வைக்கிறதே அதுதான். சோப்பு போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால ஈரம் போகத் துடைங்க. கைரேகை மூஞ்சிமேல விழுந்தா மச்சம் மாதிரி உட்காந்துக்கும். 12 செ.மீ. கிட்டத்துல மூச்சு விட்டா ஆவி படியும், மூச்சைப் பக்கவாட்டுல விடுங்க.

பித்தளைச் சொம்புன்னா புளி போட்டுத் தேய்ச்சு, அப்புறம் விபூதியில துடைச்சா பளபளக்கும். ஆனா பித்தளையில எல்லாமே மஞ்சளாத் தெரியும், வெள்ளைச் சட்டையும் சேர்த்து.

சாம்பல்தாள் · மார்ச் 5, காலை 9.30

வாட்டர்கலரில் செய்பவர்களுக்கு அந்தக் கடைசி வரி பெரிய விஷயம். பித்தளையில் பளிச்சுப் புள்ளியே மஞ்சள் சாயல் கொண்டது, தூய வெள்ளை வைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். எவர்சில்வருக்குக் கடையில் கிடைக்கும் சாம்பல் ட்யூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ண்ட் சியன்னாவும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் ஜன்னல் பக்கத்துக் குளிர்ச்சி, சியன்னா கூடினால் முகத்தின் வெதுவெதுப்பு. ஒரே கிண்ணத்தில் இரண்டும்.

மசிக்கறை · மார்ச் 6, இரவு 9.20

முகபாவம் ஏதாவது செய்யலாமா? நாக்கை நீட்டலாம் என்று யோசனை. வட்டக்கண் ஐயா கேலிமேல் கேலி வேண்டாம் என்றீர்கள்.

வட்டக்கண் · மார்ச் 6, இரவு 10.05

பென்சிலால் கேலி வேண்டாம் என்றேன், முகத்தால் தாராளமாகச் செய்யுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து கண்ணாடி முன் நின்று எச்சிங் (செம்புத் தகட்டில் கீறி எடுக்கும் அச்சு) செய்தார், 5 செ.மீ. உயரம்தான் அந்தப் படம். பிரெஞ்சு ஓவியர் ஜோசப் துக்ரோ 1783 வாக்கில் கொட்டாவி விடுவது போலத் தன்னையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார், ஒரு கையை நீட்டிச் சோம்பல் முறித்தபடி. அமெரிக்காவில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிஜக் கொட்டாவி நிற்காது. அரை நிமிடத்துக்கு மேல் பிடித்துவைத்த எந்த முகபாவமும் செத்துவிடும், உதடு மட்டும் திறந்திருக்கும், கண் தூங்கும். அதனால் வாயை முதலில் வரையுங்கள், விட்டு விட்டு. அந்த முகபாவத்தோடு அசைவது வாய், கன்னமடிப்பு, புருவம், கீழிமை. இவை நான்கும் ஒரே மூச்சில் வரவேண்டும். முடி, காது, சட்டை எல்லாம் சும்மா இருக்கும் முகத்தோடு பிறகு.

திறந்த வாய்க்குள் முழுக்கறுப்பு வேண்டாம், நாக்கு வெளிச்சம் வாங்கும். பற்களுக்கு இடையே கோடு போடாதீர்கள். மேல்வரிசையை ஒரே வெள்ளை வடிவமாக விட்டு, ஓரங்களை மட்டும் மங்கலாக்குங்கள். பல்லுக்குப் பல் கோடு போட்டால் சீப்பு தெரியும்.

நாக்கு குடத்துக்கு மிக அருகில் வரும், மூக்கை விடப் பெரிதாகிவிடும். அதைத்தானே எதிர்பார்க்கிறீர்கள்.

சாம்பல்தாள் · மார்ச் 7, காலை 8.15

நாக்கைவிடக் கை இன்னும் நல்லது. இத்தாலிய ஓவியர் பார்மிஜானினோ 1524 வாக்கில், 21 வயதில், இதையே செய்தார். புடைத்த மரப்பலகையில், சுமார் 24 செ.மீ. விட்டத்தில், கண்ணாடியில் தெரிந்தபடியே. முன்னால் கிடக்கும் கை முகத்தைவிடப் பெரியது, முகம் நடுவில் சாந்தமாக இருக்கிறது. நடுப்பகுதியில் கோணல் குறைவு, ஓரத்தில் அதிகம், அதனால்தான் முகம் தப்பித்தது, கை மாட்டிக்கொண்டது. வியன்னாவில் இருக்கிறது. மரத்தையே உருண்டையாகக் கடையச் சொல்லி, பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டார் என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார்.

கணக்கிலும் சரியாக வருகிறது. 28 செ.மீ. குடம், கை 7 செ.மீ. தள்ளி: 7/14, பாதி அளவு. முகம் 40 செ.மீ. தள்ளி: 0.15. கை மூன்று மடங்குக்கும் மேல் பெரிது.

எந்தக் கை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வலக்கையால் வரைபவர் இடக்கையைத்தான் காட்ட முடியும். எஷர் இடக்கைக்காரர், அதனால் உருண்டையைத் தாங்கியது வலக்கை. கல்லில் வரைந்தது அச்சில் திரும்பிவிடும் என்பதால் படத்தில் அது இடக்கையாகத் தெரிகிறது.

தூக்குவாளி · மார்ச் 7, காலை 8.40

முகமே பெருசா வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு: ஃபிளெமிஷ் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் 1611ல வரைஞ்ச ஒரு மேஜைக் காட்சியில தங்கமுலாம் கோப்பையோட புடைப்புகள்லயும், ஈய ஜாடியிலயும் தன் குட்டி முகத்தை ஒளிச்சு வெச்சிருக்காங்க. மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கு. அதே மாதிரி தூக்குவாளி, டபரா, குழிக்கரண்டின்னு அடுக்கி வெச்சு, சாதாரண அடுப்படிப் படம் மாதிரி வரைஞ்சு, எல்லாத்துலயும் உங்க மூஞ்சியை 1 செ.மீ.ல ஒளிக்கலாம். அவ்வளவு சின்னதுல கண்ணு மூக்கு தேவையில்ல. தலைக்கு ஒரு இருட்டு, நெத்திக்கு ஒரு வெளிச்சம், தோளுக்கு ஒரு வளைவு. மூணு தீத்தல்தான்.

வட்டக்கண் · மார்ச் 7, மதியம் 1.10

தூக்குவாளி தன் பெயருக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

மசிக்கறை · மார்ச் 9, இரவு 8.30

குடம், இடக்கை, சாம்பல் தாள், நாக்கும் உண்டு. முடிந்தது. கரி உதிர்கிறது. ஹேர்ஸ்ப்ரே அடிக்கலாமா?

சாம்பல்தாள் · மார்ச் 9, இரவு 9.15

பயிற்சித் தாளுக்கு அடிக்கலாம். வைத்துக்கொள்ளப் போகிற படத்துக்கு வேண்டாம், நாளாக ஆகத் தாள் மஞ்சளாகும். ஃபிக்சட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) வாங்குங்கள். மொட்டைமாடியில், காற்றில்லாத நேரத்தில், தாளை நிறுத்திவைத்து 30 செ.மீ. தள்ளி நின்று, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. ஒரேயடியாக அடித்தால் சொட்டு விழுந்து கரி கரையும்.

வெள்ளைக் கரி ஃபிக்சட்டிவில் மங்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தையும் நாக்கின்மேல் இருக்கும் ஈரப் பளிச்சையும் பூச்சு காய்ந்ததும் மறுபடி ஒருமுறை வையுங்கள், அதன்மேல் பூச்சு அடிக்காதீர்கள். சட்டம் போடும்போது கண்ணாடி கரியில் படாதபடி மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள்.

தூக்குவாளி · மார்ச் 9, இரவு 9.20

குடத்துல இருக்கிற மார்க்கர் புள்ளியைத் துடைச்சாச்சா? தண்ணி பிடிக்க வர்றவங்க கேப்பாங்க.